பூச்சு முடியும் இடம்

காலை ஏழரைக்கு ஷெட்டைத் திறந்தபோது, ஒரு பாகத்தின்மேல் திரும்பத் திரும்பப் பாரம் ஏற்றி எப்போது உடைகிறது என்று பார்க்கும் ஃபெட்டீக் மெஷின் சத்தமில்லாமல் இருந்தது. நாங்கள் யாரும் அதை நிறுத்தவில்லை. 50 லட்சம் சுற்று ஓடியிருக்க வேண்டிய செயற்கை மூட்டுத் தண்டு 12 லட்சத்துச் சொச்சத்திலேயே உடைந்து, மெஷின் தானாக நின்றிருந்தது. உடைந்த முகத்தில் ஒரு பாதி வழவழவென்று, மறுபாதி சொரசொரவென்று. வழவழப்பு முழுக்க ஓரத்திலிருந்த ஒரே புள்ளியிலிருந்து விசிறிபோல விரிந்திருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பூச்சு முடிந்து வெறும் உலோகம் தொடங்கும் கோட்டின்மேல்தான் அந்தப் புள்ளி இருந்தது.

அதற்குள் நான் ஆறேழு வருடம் செயற்கை மூட்டு வடிவமைத்து முடித்திருந்தேன். பூச்சைப் பற்றிக் கேட்க வேண்டியது இரண்டே கேள்விதான் என்று நினைத்திருந்தேன்: எவ்வளவு தடிமன், எவ்வளவு ஒட்டும்? எங்கே முடிகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நாங்கள் செய்வது கடையில் சைஸ் பார்த்து எடுக்கும் மூட்டு அல்ல. முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பின் கீழ்முனையில் கட்டி வந்தால், அந்த எலும்பைப் பதினான்கு பதினைந்து சென்டிமீட்டருக்கு வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். காலையே எடுத்துவிடாமல், வெட்டிய நீளத்துக்கு உலோகம் வைத்து, மேலே மிச்ச எலும்பின் குழலுக்குள் ஒரு தண்டு இறக்கி, கீழே கீல்போல மடங்கும் முழங்கால் பொருத்துவார்கள். ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பதால் ஒவ்வொன்றும் தனியாகத்தான் செய்ய வேண்டும். கடையில் சைஸ் பார்த்து எடுக்கும் இன்றைய மூட்டுகளுக்கு உண்மையில் இதுதான் மூத்தது. அமெரிக்காவில் ஆஸ்டின் மூரும் ஹெரால்டு போல்மனும் 1940இல் ஒரு நோயாளியின் கட்டி வந்த தொடை எலும்பின் மேற்பகுதியை எடுத்துவிட்டு, அவருக்கென்றே வைட்டாலியம் என்ற கோபால்ட் குரோம் கலவையில் செய்ததைப் பொருத்தினார்கள். இன்றைய இடுப்பு மூட்டுகளுக்கு வழிகாட்டிய, இங்கிலாந்தின் ஜான் சார்ன்லியின் மூட்டு வந்தது அதற்கு ஏறக்குறைய இருபது வருடம் கழித்து. சென்னையிலும் மருத்துவர் மயில்வாகனன் நடராஜன் 1980களின் இறுதியிலிருந்தே இந்த மாதிரித் தனி மூட்டுகளைப் பொருத்திவந்தார். நான் இந்தத் தொழிலுக்கு வரும்போது இதற்குப் பழகிய டர்னர்கள் ஊரில் இருந்தார்கள். அது பெரிய அதிர்ஷ்டம்.

கார் உதிரிபாகக் கம்பெனியிலிருந்து வந்தவன் நான். அங்கே ஒரு பாகத்தை வடிவமைத்தால் நூறு உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் எடுப்போம். இங்கே செய்வது ஒன்றே ஒன்று. அதை உடைத்துப் பார்த்தால் நோயாளிக்கு எதைக் கொடுப்பது? ரொம்ப நாள் இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

முதலில் அளவு. என் முதல் பெரிய தப்பு எக்ஸ்ரேயை நம்பியது. எலும்பு ஃபிலிமிலிருந்து தள்ளி இருப்பதால் படம் பத்து முதல் இருபது சதவீதம் பெரிதாக விழும். குழல் 13 மில்லிமீட்டர் என்று அளந்து தண்டு செய்தேன். அறுவை அரங்கில் பாதி வழியில் அது நின்றுவிட்டது. நிஜத்தில் குழல் பதினொன்றரைக்குக் கீழே. நல்லவேளை, டாக்டர் ஒல்லியான தண்டு ஒன்றையும் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அன்றிலிருந்து 1 மில்லி இடைவெளியில் எடுத்த சி.டி. ஸ்கேன் இல்லாமல் படம் போடுவதில்லை. எக்ஸ்ரேதான் கிடைக்கும் என்றால், 25 மில்லி எஃகுக் குண்டு ஒன்றை எலும்பின் மட்டத்திலேயே ஒட்டி எடுக்கச் சொல்வேன். அளவு தெரிந்த குண்டு படத்தில் எவ்வளவு பெரிதாகியிருக்கிறதோ, எலும்பும் அவ்வளவு பெரிதாகியிருக்கும். குண்டைக் கட்டிலின்மேல் வைத்து எடுத்து அனுப்பினால் அந்த அளவு எதற்கும் உதவாது. வெட்டும் நீளத்தை எம்.ஆர்.ஐ. பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதில் நான் வாய் திறப்பதில்லை.

ஒரு மில்லிக்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்று புதிதாக வரும் பையன்கள் கேட்பார்கள். உருண்டைத் தண்டின் வளைவு வலு விட்டத்தின் மும்மடிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்றபடி ஏறும். 11 மில்லியை 12 ஆக்கினால் வலு 30 சதவீதம் கூடும். அதே நேரத்தில் விறைப்பு நான்மடிக்கு ஏறும். 40 சதவீதத்துக்குமேல் கூடிவிடும். விறைப்பு ஏறினால் பாரத்தையெல்லாம் உலோகமே சுமந்துகொள்ளும். வேலை கொடுக்காத எலும்பு மெலிந்து கரையும். டைட்டானியக் கலவையே எலும்பைவிட ஐந்தாறு மடங்கு விறைப்பு, கோபால்ட் குரோம் பத்து மடங்குக்கும் மேல். ஆனாலும் பத்தொன்பது வயதுப் பையனின் தொடையில் மெல்லிய தண்டு உடைவதைவிட, எலும்பு கொஞ்சம் மெலிவது எனக்குப் பரவாயில்லை. எங்கள் தொழிலில் இதை ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு.

இந்த இடத்தில்தான் பூச்சு கணக்கைக் கெடுக்கும். டாக்டர் குழலை 12 மில்லிக்குக் கடைந்து தருகிறார் என்று வையுங்கள். எலும்புக்கும் தண்டுக்கும் நடுவே நிரப்பும் சிமென்ட் இல்லாமல் எலும்பே தண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றால் மேலே சொரசொரப்பான டைட்டானியப் பூச்சு போடுவோம். ஒரு பக்கத்துக்கு 0.4 மில்லி என்றால் விட்டத்தில் 0.8 போய்விடும். உள்ளே நிஜ உலோகம் 11.2 மட்டும். வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே காலி. பூச்சின் தடிமனையும் சேர்த்து வலுக் கணக்குப் போட்ட வரைபடங்களை நான் பார்த்திருக்கிறேன், நானே போட்டும் இருக்கிறேன். பூச்சு பாரம் சுமக்காது. கணக்கில் அதன் வலு பூஜ்யம்.

விட்டம் குறைவது ஒன்று என்றால், உலோகமே சோர்வது இன்னொன்று. டைட்டானியக் கலவை கீறல் பொறுக்காத சாதி. சின்ன உருண்டைகளைச் சூளையில் வைத்து ஒட்டவைக்கும் பழைய முறையில், ஒவ்வொரு உருண்டையும் ஒட்டிய இடம் ஒரு வெட்டுக்காயம் மாதிரி. சூளையின் சூட்டில் உலோகத்தின் உள்ளமைப்பும் மாறிவிடும். திரும்பத் திரும்ப வரும் பாரத்தைத் தாங்கும் வலு மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும் என்பது நாற்பது வருடமாகத் தெரிந்த செய்தி. பூச்சுப் பொருளை உருக்கித் தெளிக்கும் பிளாஸ்மா ஸ்ப்ரேயில் தண்டின் உலோகம் அவ்வளவு சூடாவதில்லை, சேதமும் குறைவு. ஆனால் ஸ்ப்ரேக்கு முன்னால் பூச்சு ஒட்டுவதற்காக அலுமினா மணலை வீசியடிப்பார்கள். அந்த மணல் போடும் குழி ஒவ்வொன்றும், உள்ளே குத்தி நிற்கும் துகள் ஒவ்வொன்றும், விரிசலுக்கு வாசல்.

அன்று உடைந்த எங்கள் தண்டு சிமென்ட் வைத்துப் பொருத்தும் வகை. தண்டுக்குப் பூச்சே கிடையாது, பாலிஷ் மட்டும். பூச்சு போடுவது காலரில். தண்டு எலும்புக்குள் நுழையும் இடத்தில், வெட்டிய எலும்பின் விளிம்புக்கு வெளியே உட்காரும் வளையம் அது. லண்டனின் ஓரத்தில் ஸ்டான்மோரில் கார்டன் பிளன் குழுவினர், அந்தக் காலரில் பள்ளம் வெட்டி ஹைட்ராக்ஸிஅபடைட் பூசினால் எலும்பு வெளிப்பக்கமாக வளர்ந்து வந்து அதைக் கவ்விக்கொள்ளும் என்று காட்டினார்கள். எலும்பில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட்டின் உறவுதான் அது. கவ்விவிட்டால் சிமென்ட் பக்கமாகத் தேய்மானத் துகள்கள் இறங்க வழி அடைபடும், தண்டும் சீக்கிரம் ஆடாது. பூச்சுகளில் நான் மனதார நம்புவது இது ஒன்றைத்தான்.

சிக்கல் என்னவென்றால், மொத்தத் தண்டிலும் இழுவிசை உச்சத்துக்குப் போகும் இடமும் அதே காலரின் கழுத்துதான். தண்டும் காலரும் சேரும் அந்த மூலையைக் கூராக விடாமல் 3 மில்லி ரேடியஸில் வளைத்து, கண்ணாடிபோல பாலிஷ் செய்து அனுப்பினோம். என் வரைபடத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: “காலர் முழுவதும் பூச்சு.” எந்தக் கோட்டில் தொடங்கி எந்தக் கோட்டில் நிற்க வேண்டும் என்று இல்லை. வெளியூரில் பூச்சு போட்டவர்கள் டேப் சுற்றி மறைத்திருக்கிறார்கள். மணலடியில் டேப்பின் ஓரம் எழும்பி, ரேடியஸில் பாதிவரை மணல் ஏறிவிட்டது. அதன்மேல் பூச்சும் அழகாகப் படிந்துவிட்டதால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. நான் கேட்டதைத்தான் அவர்கள் செய்தார்கள்.

உடைந்தது சோதனைத் தண்டு. அதோடு ஒரே ஜிக்கில் (பிடித்து நிறுத்தும் சட்டத்தில்) பூச்சுக்குப் போன இரட்டைத் தண்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனுக்காகப் பாக்கெட் போட்டுத் தயாராக இருந்தது. அறுவைக்கு ஒன்பது நாள். பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தோம். இதிலும் அதே கதை, மணல் ரேடியஸுக்குள் ஏறியிருந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன்.

“தம்பி, இப்ப சொல்றீங்களே?”

“இப்பத்தான் சார் உடைஞ்சது.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், “எத்தனை நாள் வேணும்?” என்றார். பத்து நாள் என்றேன். அறுவையை ஒரு வாரம் தள்ளிவைத்தார். உலோகக் கம்பியிலிருந்து புதுத் தண்டு கடைந்து, பூச்சு போடும் இடத்துக்கு நானே கையில் எடுத்துப் போய், பக்கத்தில் நின்று பூசி வாங்கி வந்தேன். மணலடியைச் சரிசெய்ய ரேடியஸைத் தேய்த்துப் பாலிஷ் செய்தால் போதாதா என்று ஒருவர் கேட்டார். எவ்வளவு ஆழம் குத்தியிருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு தேய்ப்பது?

அதற்குப்பின் மாற்றியவை சொற்பம்தான். வரைபடத்தில் ரேடியஸ் தொடங்கும் கோட்டிலிருந்து 2 மில்லி தள்ளி ஒரு சிவப்புக் கோடு, அதைத் தாண்டி மணலோ பூச்சோ வரக்கூடாது என்ற குறிப்பு. டேப்புக்குப் பதில் நாங்களே கடைந்து அனுப்பும் எஃகு மூடி. எங்கள் டர்னர் அண்ணன் அதற்குக் ‘குல்லா’ என்று பெயர் வைத்தார், இப்போது பில்லிலும் குல்லா என்றே வருகிறது. பூச்சை வெட்டினாற்போல் முடிக்காமல் ஓரத்தில் மெல்லியதாக இறக்கி முடிக்கச் சொன்னோம். அடுத்த சோதனைத் தண்டு 50 லட்சத்தைத் தாண்டியது. ஆசைக்கு ஒரு கோடிவரை ஓடவிட்டோம், அதையும் தாண்டியது. நடந்து திரியும் ஆளுக்கு ஒரு காலுக்கு வருடத்துக்குப் பத்து லட்சம் அடி என்பது தோராயக் கணக்கு. ஒரு கோடி என்றால் பத்து வருடம். பையனுக்குப் பத்தொன்பது வயது.

இதே பாடத்தை லேசர் மறுபடி நடத்தியது. நோயாளி எண்ணைத் தண்டில் பொறிக்க வேண்டும். தட்டையான நல்ல இடம் என்று கழுத்துக்குப் பக்கத்தில், இழுவிசை விழும் வெளிப்புறத்தில் பொறித்துவிட்டான் எங்கள் ஷெட் பையன். லேசர் சுட்ட இடத்தில் உலோகம் உருகி உறைந்து நுண்விரிசல் விட்டிருக்கும். உலகத்தில் சில தண்டுகள் சரியாக எழுத்தின்மேலேயே உடைந்திருக்கின்றன. இதை நாங்கள் மேசையிலேயே பிடித்தோம். இப்போது எழுத்து காலருக்குக் கீழே, தடித்த உடம்பில் மட்டும்.

பூச்சின் தரத்தைப் பற்றிச் சொல்வதற்கு அவ்வளவு இல்லை. ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 13779இல் கேட்பது ஒட்டும் வலு குறைந்தது 15 மெகாபாஸ்கல், படிகத்தன்மை குறைந்தது 45 சதவீதம். படிகம் குறைந்தால் எலும்பு வந்து பிடிப்பதற்கு முன்பே பூச்சு கரைந்துவிடும். தடிமன் கூடினால் பெயர்ந்து வரும். ஐம்பது மைக்ரானிலிருந்து (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நூறு, நூற்றைம்பதுக்குள் நிறுத்துவோம். ஒவ்வொரு தடவையும் அதே உலோகத்தில் வட்டத் தகடுகள் சிலவற்றைக் கூடவே தொங்கவிட்டு, பிறகு பசையால் ஒட்டி இழுத்துப் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் 30க்கு மேல் எண் வந்தால் மனம் குளிரும். ஆனால் அந்த எண் தட்டைத் தகட்டின் எண். பிளாஸ்மா துப்பாக்கி நேரே பார்க்கும் இடத்தில்தான் பூசும். எங்கள் காலரிலோ பள்ளங்கள் இருக்கின்றன. ஒரு முறை பழைய காலரைக் குறுக்கே அறுத்துப் பார்த்தபோது பள்ளத்தின் அடியில் சரியாக இருந்த பூச்சு, பக்கச் சுவரில் பாதிகூட இல்லை. பள்ளத்தின் சுவரைச் சாய்த்துக் கொடுத்தபின்தான் சமமானது. ரிப்போர்ட் வாங்குங்கள், ஆனால் வருடத்துக்கு ஒன்றையாவது அறுத்துப் பாருங்கள்.

தங்க நிற முழங்கால் கதை வேறு. நிக்கல் ஒவ்வாமை உள்ள ஒரு அம்மாவுக்கு டைட்டானியம் நைட்ரைடு பூச்சு கேட்டார் டாக்டர். மூன்று நான்கு மைக்ரான்தான், நகைபோல மின்னும், எஃகைவிடப் பல மடங்கு கெட்டி. ‘அவ்வளவு கெட்டியா, அப்படியானால் டைட்டானியத்தின் மேலேயே பூசி உரசும் முகமாக வைக்கலாமே’ என்று எனக்கு ஆசை. டைட்டானியம் உரசினால் தேயும் உலோகம், அதை இப்படிக் காப்பாற்றிவிடலாம் என்று கணக்கு. இட்லியின்மேல் அப்பளத்தை வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். அப்பளம் எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தாலும் அடியில் இட்லி அமுங்கும், அப்பளம் நொறுங்குமே! டைட்டானியத்தின் மேல் இந்தப் பூச்சும் அப்படித்தான். ஒரு இடத்தில் உடைந்தால் அந்தச் சில்லே மணல்போல உள்ளே சுற்றி, பிளாஸ்டிக் முகத்தை அறுக்கும். கடைசியில் கோபால்ட் குரோமின் மேல்தான் பூசினோம், அது அடியிலும் கெட்டி. வைரம்போன்ற கார்பன் பூச்சையும் இடுப்புப் பந்துகளில் போட்டுப் பார்த்து, சில வருடத்தில் பெயர்ந்துவிட்டதாக ஐரோப்பாவில் அனுபவம் உண்டு. கேட்டலாக்கில் வரும் கடினத்தன்மை எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்.

கிருமிக்காக வெள்ளி பூசும் முறை ஜெர்மனியில், குறிப்பாக முன்ஸ்டரில், நன்றாகப் பழகிய ஒன்று. அங்கேயும் வெள்ளி வழக்கமாக வெளி உடம்புக்கு மட்டும்தான். எலும்புக்குள் போகும் தண்டுக்கும் உரசும் முகத்துக்கும் பூசுவதில்லை. அவர்களும் கோடு போட்டுத்தான் நிறுத்துகிறார்கள்.

நோயாளிகள் இதையெல்லாம் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: “கீழ சப்பணம் போட்டு உட்காரலாமா?” இல்லையென்றால், “இந்தியன் டாய்லெட் போகலாமா?” கீல் எத்தனை டிகிரி மடங்கும் என்பது அவர்களுக்கு முகம் தெரியாத எண். அதை முடிவு செய்யும் என்னை அந்தக் கேள்வி ரொம்பவே உலுக்கியது. மடங்கும் கோணத்தைக் கூட்டினால் கீலின் பின்பக்க உலோகத்தைக் குறைக்க வேண்டும், வலு போகும். கொஞ்சம் சுழலவும் விடும் கீல் வந்தபின் தண்டின்மேல் முறுக்கு குறைந்தது, ஆனாலும் தரையில் உட்காரும் வாழ்க்கைக்கு அது முழுப் பதில் இல்லை. நான் இப்போது ‘முடியாது’ என்று நேரே சொல்லிவிடச் சொல்கிறேன், டாக்டர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். தடுக்கி விழப்பார்க்கும் நொடியில் இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல எட்டு மடங்குக்கு மேல் பாரம் விழுந்ததை, பெர்லினில் பெர்க்மன் குழு மூட்டுக்குள்ளேயே அளவி வைத்துப் பதிவு செய்தது. அந்த எண்ணைப் படித்தபின் கம்ப்யூட்டரில் நடைப் பாரத்தை மட்டும் கொடுத்து வரும் ‘ஆபத்தில்லை’ என்று காட்டும் பச்சையும் நீலமுமான படத்தைப் பார்த்து நான் திருப்திப்பட்டதில்லை.

எது முதலில் போகும்? பெரும்பாலும் தண்டு அல்ல, கீலுக்குள் அச்சைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் வளையமான பாலிஎத்திலீன் புஷ். அது தேயப் பிறந்தது. ஆகவே சின்னக் கீறலில் கீலின் அச்சை உருவி, புஷ்ஷை மட்டும் மாற்றும்படி செய்யுங்கள். தண்டின் அடியில் இழுத்தெடுக்க ஒரு மரைத் துளை வையுங்கள். பதினைந்து வருடம் கழித்து அந்த புஷ்ஷின் அளவு யாரிடம் இருக்கும்? எங்களிடம் ஒரு நோயாளி பழைய மூட்டோடு வந்தபோது, அதைச் செய்தவர் தொழிலையே விட்டுவிட்டிருந்தார். எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகித்து மூன்று அளவில் புஷ் செய்து அனுப்பினோம், நடுவிலுள்ளது பொருந்தியது. இப்போது ஒவ்வொரு மூட்டின் வரைபடமும் அச்சில் ஒரு பிரதி, மருத்துவமனை ஃபைலில் ஒரு பிரதி.

அரங்குக்குள் நடப்பதையும் ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். பூசிய காலரை ஈரத் துணியால் துடைப்பதையும், பாலிஷ் செய்த கழுத்தை இடுக்கியால் பிடிப்பதையும் நான் கண்ணால் பார்த்தேன். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பாக்கெட்டின்மேல் இப்போது படம் ஒட்டியிருக்கிறோம்: இங்கே தொடலாம், இங்கே தொடாதீர்கள்.

ஒன்றே ஒன்றை எப்படிச் சோதிப்பது என்ற பழைய கேள்விக்கு வருகிறேன். நோயாளிக்கான துண்டைச் சோதிக்க முடியாது. நாங்கள் செய்யும் மூட்டு வகைகளிலேயே மோசமான கூட்டு எது என்று பார்க்கிறோம்: மிக ஒல்லித் தண்டு, மிக நீள வெட்டு, மிகக் கனமான ஆள். அதைச் செய்து ஓடவிடுகிறோம். அதைத் தாங்கினால் உள்ளே அடங்குகிற மற்றவற்றுக்கு அனுமதி. அந்த எல்லையை மீறும் ஆர்டர் வந்தால் கணக்கு மட்டும் போட்டு அனுப்புவதில்லை. அதற்கென்றே இரட்டைத் தண்டு செய்து, ஒரே பூச்சில் போட்டு, ஒன்றை உடைக்கிறோம். செலவு? 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுகளுக்கு அரசு உச்ச விலை வைத்தபோது புற்றுநோய், கட்டிக்கான சிறப்பு மூட்டுக்கு வரி இல்லாமல் 1,13,950 ரூபாய் என்று வைத்தார்கள். நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயமான விலைதான். அந்தப் பணத்துக்குள் இரண்டாவது தண்டையும் நுழைப்பது எங்கள் கணக்குப்பிள்ளையின் தலைவலி. மாதம் ஒருமுறை என்னிடம் சண்டை போடுகிறார். உடைந்த அந்தத் தண்டை அவர் மேசையில்தான் பேப்பர் வெயிட்டாக வைத்திருக்கிறேன்.

இன்று காலை வந்த ஸ்கேனில் ஒரு பெண் பிள்ளை, பதினான்கு வயது. குழல் 9.5 மில்லி, வெட்டு 16 சென்டிமீட்டர். எங்கள் எல்லைக்கு வெளியே. அரை மில்லி கூடக் கடைய முடியுமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். குல்லாவும் புதிதாகக் கடையச் சொல்லியிருக்கிறேன்.